தரைத்தளத்தை யாருக்கு விடுவது? ஏழாம் பருவக் குடியிருப்புத் திட்டத்துக்குக் கருத்து வேண்டும்

கோட்டோவியம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவி. வடசென்னையில் 1970களில் கட்டிய நான்கு அடுக்குக் குடியிருப்பு ஒன்றை இடித்துவிட்டு, அதே இடத்தில் அதே குடும்பங்களுக்குப் புதிதாக வடிவமைக்க வேண்டும் என்பது இந்தப் பருவத்தின் ஸ்டுடியோ வேலை. மனை 1.6 ஏக்கர். இப்போது 6 பிளாக்குகளில் 192 வீடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் 220 சதுர அடி. நான் 5 பிளாக்குகள் போட்டிருக்கிறேன். தளத்துக்கு 8 வீடுகள், ஐந்து தளங்கள், ஆக 200 வீடுகள். வீட்டுக்கு 400 சதுர அடி. தரைத்தளத்தை முழுக்கக் காலியாக விட்டிருக்கிறேன். மொத்த உயரம் 18.30 மீட்டருக்குள் நிற்கிறது. அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டட விதிகள் வந்துவிடும்.

ஏன் காலியாக விட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் வரைபடத்தில் தரைத்தளத்திலும் வீடுகள்தான் இருந்தன. மூன்றாவது முறை அங்கே போனபோது, பிளாக் வாசலில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்காவிடம் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். சமையலறை ஜன்னல் கிழக்கே பார்க்கிறது, துணி காயப் போடத் தனி இடம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் நன்றாக இருக்கிறது. செத்தால் எங்கே கிடத்துவது?" என்று கேட்டார்.

அவருடைய மாமியார் போன ஆண்டு மூன்றாம் மாடியில் இறந்திருக்கிறார். வாடகைக்கு வந்த ஐஸ் பெட்டி படிக்கட்டின் முதல் திருப்பத்தைத் தாண்டவில்லை. கடைசியில் உடலைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துப்பட்டாவால் கட்டி, இரண்டு பேரன்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழே பைக்குகளை நகர்த்தி இடம் பிடித்து, தரைத்தள வீட்டு ஜன்னல் வழியாக வயர் இழுத்து ஐஸ் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார்கள். நான் அந்தப் படிக்கட்டை அளந்தேன். அகலம் 3 அடி. திருப்பத்தின் ஆழமும் 3 அடி. பெட்டியின் நீளம் 7 அடி.

அன்று இரவே தரைத்தள வீடுகளை அழித்துவிட்டேன். சென்ற வாரம் ஜூரியில், அதாவது வரைபடங்களைத் தேர்வாளர்கள் முன் வைத்து விளக்கும் தேர்வில், வெளித் தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "40 வீடு கட்டக்கூடிய இடத்தைச் சாவுக்காகக் காலியாக விடுகிறாயா?" எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இன்னும் இரண்டு வாரத்தில் இறுதி ஜூரி. நான் செய்தது சரியா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

---

நூல்குண்டு

மகளே, நான் 34 ஆண்டுகள் கட்டமைப்புப் பொறியாளராக இருந்தவன். சரியா தவறா என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். எனக்கு முதலில் கண்ணில் படுவது வேறு. மேலே ஐந்து தளங்களிலும் செங்கல் சுவர்கள் நெருக்கமாக நிற்கின்றன. கீழே வெறும் தூண்கள். இதை மென்தளம் என்போம். நிலம் பக்கவாட்டில் அசையும்போது மேலே இருக்கும் ஐந்து தளமும் ஒரே பெட்டியாக நகரும். வளைவு முழுவதும் கீழ்த்தூண்களின் தலையிலும் காலிலும் வந்து விழும்.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நடந்தது இதுதான். நிலநடுக்க மையம் பூஜ் பக்கம். அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல, கீழே வண்டி நிறுத்தத் திறந்து விட்டவை. அதற்குப் பிறகு 2002இல் ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க விதித்தொகுப்பைத் திருத்தியபோது சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து, அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது.

திறந்து விடாதே என்று நான் சொல்லவில்லை. படிக்கட்டையும் லிப்டையும் சுற்றிக் கான்கிரீட் சுவர் அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரை ஒரே கோட்டில் போகட்டும். நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் இரண்டு சுவர்களாவது தரைத்தளத்தில் நிற்கட்டும். அவை ஒரு மூலையில் மட்டும் குவிந்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். உன் குறுக்குவெட்டில் (கட்டடத்தை நெடுக வெட்டி உள்ளே காட்டும் வரைபடத்தில்) ஒரு கான்கிரீட் சுவர்கூட இல்லை. ஜூரியில் அதைக் கேட்காமல் விட்டது எனக்கு வருத்தம்.

---

தோபாயோ வாசி

தங்கை, நான் சிங்கப்பூரில் வீவக புளோக் ஒன்றில் 22 ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். உங்கள் இட்லிக் கடை அக்காவின் கேள்விக்கு இங்கே ஒரு நாடே பதில் சொல்லியிருக்கிறது. வீவக என்பது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1960இல் தொடங்கியது. 1970களில் கட்டிய புளோக்குகளில் தரைத்தளத்தைத் திறந்து விடுவது வழக்கமாகிவிட்டது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் இடம், பிள்ளைகள் விளையாடும் இடம், பெரியவர்கள் சதுரங்கப் பலகை பதித்த கல்மேசையில் உட்காரும் இடம், எல்லாம் அதுதான்.

மலாய்க்காரர் வீட்டுத் திருமணப் பந்தலும் அங்கேதான், சீனர் வீட்டுச் சாவும் அங்கேதான். சீனர் வழக்கத்தில் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை நாள்கள் உடலை வைத்திருப்பார்கள். நகர மன்றத்திடம் அனுமதி வாங்கினால் போதும். என் அப்பா இறந்தபோது நாங்களும் கீழேதான் வைத்தோம். எதிர் வீட்டுச் சீனப் பெரியவர் இரவு முழுக்க என்னோடு உட்கார்ந்திருந்தார். நான்காவது மாடி வீட்டுக்குள் வைத்திருந்தால் அவர் வாசல்வரை வந்து தயங்கித் திரும்பியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நாங்கள் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய புளோக்குகளில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. 1, 5, 9 என்று இடைவிட்டு நிற்கும். வயதானவர்கள் படாத பாடு பட்டார்கள். 2001இல் லிப்ட் மேம்பாட்டுத் திட்டம் கொண்டுவந்துதான் அதைச் சரிசெய்தார்கள். உங்கள் வரைபடத்தில் லிப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நீட்டிப் படுக்குமா என்று பாருங்கள்.

---

மூன்றாம்மாடி

நான் மாற்றுக் கருத்துச் சொல்லப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பிறந்து வளர்ந்தது போர்டு வீட்டில், மூன்றாம் மாடியில். அப்போது அது குடிசை மாற்று வாரியம். 1970இல் தொடங்கியது, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது.

எங்கள் பிளாக்குக்குப் பின்னால் ஒரு காலியிடம் இருந்தது. வரைபடத்தில் அதற்கும் ஏதோ அழகான பெயர் இருந்திருக்கும். மாலை ஏழு மணிக்கு மேல் அங்கே பெண்கள் யாரும் போக மாட்டோம். பாட்டில் சத்தம் கேட்கும். குழாயடிக்குப் போக வேண்டுமானால் அம்மா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நிற்பார். நீங்கள் ஐந்து பிளாக்குக்கும் கீழே அதே இருட்டைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள். பாடை வருவது ஆண்டில் எத்தனை நாள்? மீதி நாள்களில் அந்த இடம் யாருடையது?

இன்னொன்று. என் பாட்டி கடைசி ஆறு ஆண்டுகள் கீழே இறங்கவே இல்லை. முழங்கால் போய்விட்டது. வாக்களிக்க ஒரு முறை மாமா முதுகில் சுமந்து இறக்கினார். அவ்வளவுதான். வராந்தாவில் உட்கார்ந்து கம்பி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கீழ்வீட்டுக்காரர்களிடம் வீடு மாற்றிக்கொள்ள எவ்வளவோ கேட்டுப் பார்த்தோம். யார் தருவார்கள்? கீழ்வீடு என்றால் வாசலில் தையல் மிஷின் போடலாம், இஸ்திரி மேசை போடலாம், மாவு அரைத்து விற்கலாம். அதுவே அவர்களுக்குச் சம்பாத்தியம்.

புதுக் கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது என்பீர்கள். பழுதானால் யார் பணம் கட்டுவது என்று மாதக்கணக்கில் நிற்கும் லிப்டுகளை நான் பார்த்திருக்கிறேன். செத்தவரை இறக்குவதைப் பற்றி யோசித்த நீங்கள், உயிரோடு இருப்பவர் இறங்குவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

---

கோட்டோவியம்

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று முழுக்க வரைபடத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. உங்கள் பாட்டியைப் போன்றவர்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன். பார்த்தும் என் கோடுகளுக்குள் அவர்கள் வரவில்லை. இரண்டாவது மாடியில் ஒரு தாத்தா தினமும் கயிறு கட்டிய கூடையைக் கீழே விட்டுத்தான் பால் வாங்குகிறார். அதைப் படம்கூட எடுத்தேன்.

நான் எண்ணிப் பார்க்காமல் விட்டதை இப்போது எண்ணியாக வேண்டும். நாளை மறுபடியும் போகிறேன். எத்தனை வீடுகளில் படி இறங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதப் போகிறேன்.

நூல்குண்டு ஐயா, கான்கிரீட் சுவரைச் சேர்த்துவிட்டேன். படிக்கட்டு அகலத்தை 5 அடியாகவும் திருப்பத்தை 5½ அடியாகவும் மாற்றியிருக்கிறேன். ஸ்டுடியோவில் 7 அடிக்கு 2½ அடி அட்டையை வெட்டி, நாலு பேர் பிடித்துக்கொண்டு, தரையில் சாக்பீசால் வரைந்த திருப்பத்தில் திரும்பிப் பார்த்தோம். முன்னால் போகிறவர்கள் கையை உயர்த்தினால் இடிக்காமல் திரும்ப முடிகிறது.

---

மட்டப்பலகை

நல்ல விவாதம். நான் தொழிலில் இருக்கும் கட்டடக்கலைஞன். மூன்றாம்மாடி அவர்கள் கேட்ட கேள்விதான் இந்தத் திட்டத்தின் உயிர். ஒரு திறந்தவெளி யாருடையது என்பது அது எத்தனை குடும்பத்துக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்தது. 200 குடும்பத்துக்குப் பொது என்றால் அது யாருக்கும் சொந்தமில்லை. 8 குடும்பத்துக்குப் பொது என்றால், காலையில் பெருக்குவதற்கு ஆள் இருப்பார்.

நவி மும்பை பேலாப்பூரில் சார்லஸ் கொரியா 1980களின் நடுவில் கட்டிய குடியிருப்பைப் பார். ஏழு வீடுகள் ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கும். முற்றம் 8 மீட்டருக்கு 8 மீட்டர்தான். அப்படி மூன்று கூட்டம் சேர்ந்தால் 21 வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் பெரிய முற்றம், 12 மீட்டருக்கு 12. இப்படிப் படிப்படியாகத்தான் ஊர்ப் பொதுவெளி வரை போகும். இன்று அங்கே பல வீடுகளை இடித்து மாடி மாடியாகக் கட்டிவிட்டார்கள். அந்தச் சிறு முற்றங்கள் பெரும்பாலும் இருக்கின்றன. எதைச் சுற்றியிருப்பவர்கள் காப்பாற்றுகிறார்களோ அதுதான் நிற்கும்.

பாலகிருஷ்ண தோஷியின் அரண்யா, இந்தூரில், வேறு வழியில் போனது. எளியவர்களுக்கு முழு வீடு கட்டித் தராமல் அடித்தளம், கழிப்பறை, ஓர் அறை மட்டும் கொடுத்து, மீதியை அவர்களே வளர்த்துக்கொள்ள விட்டது. தெருவோரத் திண்ணையும் வாசற்படியும் அந்த வடிவமைப்பின் பகுதி. உன் மனையில் மேல்நோக்கிப் போக வேண்டியிருப்பதால் அதை அப்படியே எடுக்க முடியாது. வாசற்படியை எடுக்கலாம்.

இன்னும் அருகில் வேண்டுமென்றால் திருவனந்தபுரம் பூந்துறையில் லாரி பேக்கர் 1970களில் மீனவர்களுக்குக் கட்டிய வீடுகள். வரிசையாக அடுக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி வைத்தார். கடற்காற்று எல்லா வீட்டுக்கும் கிடைத்தது; இடையில் வலை காயப்போடவும் பிள்ளைகள் விளையாடவும் இடம் கிடைத்தது. வலை எங்கே காயும் என்று கேட்டவருக்குத்தான் அந்தத் தளவரைபடம் வரும். உன் இட்லிக் கடை அக்கா கேட்டதும் அதே வகைக் கேள்வி. அதை விட்டுவிடாதே.

---

சந்தைப்பேட்டை

கோட்டோவியம், உன் பழைய இழையில் ஆறாம் பருவ வாரச்சந்தைத் திட்டம் பார்த்தேன். அதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கேயும் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். நான் 15 ஆண்டுகளாகச் சந்தையில் வெங்காயம் விற்கும் குடும்பம்.

திடல் முழுக்கப் பேவர் கல் பதித்திருக்கிறாய். எங்கள் ஊரிலும் சில ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் செய்தார்கள். அதற்கு முன் மண்தரை. விடியற்காலை நாலு மணிக்கு வந்ததும் முளைக்குச்சி அடித்துத் தார்ப்பாய் கட்டுவோம். கல் பதித்த பிறகு முளை இறங்கவில்லை. இப்போது எல்லோரும் மணல் மூட்டையில் கயிறு கட்டுகிறோம். ஆடிக்காற்றில் மூட்டையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. பத்து மணிக்கு மேல் கல் சுடுகிறது. கீரை விற்கும் பாட்டிகள் சாக்கை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். முன்பு தூங்குமூஞ்சி மரம் இரண்டு இருந்தன, வேரைச் சுற்றிக் கல்லை இறுக்கியதில் ஒன்று பட்டுப்போய்விட்டது.

கல் பதிக்கும்போதே பத்தடிக்கு ஒன்று இரும்பு வளையம் புதைத்திருந்தால் போதும். கூடவே பெண்களுக்குக் கழிப்பறை. சந்தைக்கு வரும் பெண்கள் காலையில் தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள், தெரியுமா?

---

கோட்டோவியம்

தெரியாது ஐயா. கழிப்பறை போட்டிருந்தேன். ஆனால் திடலின் கோடியில், லாரி நிறுத்தத்துக்குப் பின்னால். இப்போது நினைத்தால் அங்கே எந்தப் பெண்ணும் தனியாகப் போக மாட்டார் என்று புரிகிறது. வளையம் பற்றி யோசிக்கவே இல்லை. அந்தத் திட்டத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அதையும் திருத்தி வைக்கப் போகிறேன்.

---

நூல்குண்டு

வீடுகளைக் கொஞ்சம் கீழே கொண்டுவரலாம் என்று பேச்சுப் போவதால் ஒரு விஷயம். வடசென்னையில் மழைநீர் தேங்கும். 2015இலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகள் என்ன பாடு பட்டன என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். தரையோடு தரையாக வீடு வைக்காதே. அடிப்பீடத்தை 3 அடியாவது உயர்த்து. உயர்த்தினால் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டும். சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது 3 அடி ஏற 36 அடி நீளம். அது சிறிய இடமில்லை, முதலிலேயே இடம் ஒதுக்கு. கடைசியில் செருகினால் திருப்பத்துக்குத் திருப்பம் முட்டிக்கொண்டு நிற்கும்.

---

கோட்டோவியம்

திரும்பி வந்துவிட்டேன். எழுதி வைத்ததைச் சொல்கிறேன்.

மூன்று நாளில் 141 வீடுகளில் பேச முடிந்தது. மீதி வீடுகள் பூட்டியிருந்தன, அல்லது வேலை முடிந்து வந்து களைத்திருந்தார்கள். படி இறங்க முடியாதவர், அல்லது யாராவது பிடித்துக்கொண்டால் மட்டும் இறங்குபவர் இருக்கும் வீடுகள் 17.

புதிய வரைபடம்: ஒவ்வொரு பிளாக்கின் தரைத்தளத்திலும் பாதி வீடு, பாதி திறந்தவெளி. நான்கு வீடுகள், நான்கு வீட்டு இடம் காலி. ஐந்து பிளாக்குக்கும் சேர்த்து 20 கீழ்வீடுகள். மொத்தம் 220. வீடுகள் 3 அடி உயர்ந்த பீடத்தில் இருக்கும். 36 அடிச் சாய்தளத்தைத் திறந்தவெளியின் ஓரமாக ஓடவிட்டு, அதன் பக்கச் சுவரை ஒன்றே கால் அடி அகலத் திண்ணையாக்கியிருக்கிறேன். நான்கு கீழ்வீடுகளின் வாசலும் சமையலறை ஜன்னலும் திறந்தவெளியைப் பார்க்கின்றன. மூன்றாம்மாடி அக்கா சொன்ன இருட்டுக்கு இதைவிட நல்ல விளக்கு எனக்குத் தெரியவில்லை. தையல் மிஷின் போட ஜன்னலுக்கு வெளியே 4 அடி விட்டிருக்கிறேன்.

---

மூன்றாம்மாடி

படித்தேன், தங்கை. கண் கலங்கிவிட்டது. ஒரு சந்தேகம் மட்டும். கீழ்வீட்டை முதியவருக்கு ஒதுக்கினால், அவர் காலமான பிறகு அந்தக் குடும்பம் அங்கேயே இருக்குமா? அடுத்த முதியவருக்கு அந்த வீடு எப்படிக் கிடைக்கும்? இதை வரைபடத்தால் தீர்க்க முடியாது என்று தெரியும். ஆனாலும் ஒதுக்கீட்டு விதி ஒன்றை எழுதி வரைபடத்தோடு ஒட்டி வையுங்கள். யாராவது படிப்பார்கள்.

---

தோபாயோ வாசி

அதை நானும் வழிமொழிகிறேன். இங்கேயும் புதிய புளோக்குகளில் கீழ்த்தளம் சுருங்கிக்கொண்டே வருகிறது. பாலர் பள்ளி, முதியோர் பராமரிப்பு நிலையம் எல்லாம் அங்கே வந்துவிட்டன. விசேஷங்களுக்குத் தனி மண்டபம் கட்டுகிறார்கள். வசதி இருக்கிறது, லிப்டை விட்டு இறங்கியதும் எதிர்ப்பட்ட துக்கத்துக்கு ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகும் வழக்கம் குறைந்திருக்கிறது. உங்கள் பாதிக்குப் பாதி எனக்குப் பிடித்திருக்கிறது.

---

மட்டப்பலகை

ஜூரியில் 40 வீடு என்ற கேள்வி மறுபடியும் வரும். இப்போது உன்னிடம் பதில் இருக்கிறது. 192 குடும்பங்களுக்கும் வீடு கொடுத்த பிறகு 28 வீடுகள் கூடுதல். தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு, மீறவில்லை. ஆனால் எண்ணிலிருந்து தொடங்காதே. அந்தப் படிக்கட்டின் 3 அடியையும் பெட்டியின் 7 அடியையும் ஒரே தாளில், ஒரே அளவுத்திட்டத்தில் வரைந்து முதல் தாளாகத் தொங்கவிடு. பிறகு பேசு. மின் இணைப்பை மறந்துவிடாதே. ஐஸ் பெட்டிக்குத் தனி பிளக், பொது மீட்டரில், தரையிலிருந்து 4 அடி உயரத்தில். பக்கத்தில் ஒரு குழாய், தண்ணீர் ஓட வடிகால்.

---

கோட்டோவியம்

பிளக்கும் குழாயும் போட்டுவிட்டேன். நேற்று மாலை அதைக் காட்டத்தான் இட்லிக் கடை அக்காவிடம் போனேன். வரைபடம் புரியவில்லை என்றார். அதனால் பிளாக் வாசலில் பைக்குகளுக்கு நடுவே சாக்பீசால் தரையிலேயே வரைந்து காட்டினேன். இது திண்ணை, இது சாய்தளம், பெட்டி இங்கே, பந்தல் இதுவரை வரும்.

அக்கா பெட்டிக்காக நான் போட்ட கோட்டில் போய் நின்றார். தலைமாடு எந்தப் பக்கம் என்று கேட்டார். தெற்கு என்றேன். தலையசைத்தார். பிறகு பந்தல் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, என் கையிலிருந்த சாக்பீசை வாங்கி, ஐந்து அடி உள்ளே தள்ளிப் புதுக் கோடு போட்டார். "தண்ணீர் லாரி இங்கேதான் திரும்பும். சாவு விழுந்த அன்றும் தண்ணீர் பிடிக்கத்தானே வேண்டும்" என்றார்.

அந்த ஐந்து அடியைத் திண்ணையிலிருந்து எடுப்பதா, தையல் மிஷின் இடத்திலிருந்து எடுப்பதா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் குறுக்குவெட்டை இங்கே ஏற்றுகிறேன்.